"பல் டாக்டர்கிட்ட மறக்காம சொல்லிடும்மா!" - ஜெல் நெயில்ஸ் ஆசையும் ஒரு சேலைக்கடைப் பெண்ணின் விரல்களும்

மே மாதம், முகூர்த்தக் கூட்டம். மதுரை விளக்குத்தூண் பக்கம் இருக்கும் ஒரு ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில், கல்யாணப் பெண்ணுக்கு அரக்கு நிறச் சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள் அவள். முந்தானையை நீவிவிட்ட கை பாதியில் நின்றது. ஆள்காட்டி விரல் நுனியில் வெடித்திருந்த தோலில் பட்டு இழை ஒன்று மாட்டிக்கொண்டது. மெதுவாக விடுவித்தாள். சேலையில் மயிரிழை அளவுக்கு ஓர் இழுப்பு.

பெண்ணின் அம்மா சேலையைப் பார்க்கவில்லை. அவள் விரலைத்தான் பார்த்தார்.

"கையில என்னம்மா புண்ணு? வேற யாரையாச்சும் எடுத்துக் காட்டச் சொல்லும்மா."

அவளுக்கு 24 வயது. ஐந்து வருடமாக அதே கடையில் வேலை. ஒரு வாடிக்கையாளர் அவளை விலகச் சொன்னது அதுதான் முதல் முறை.

அந்த விரலுக்கு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள, நாலு மாதம் பின்னால் போக வேண்டும்.

கைதான் முதலில் தெரியும்

சேலைக்கடையில் விற்பனைப் பெண்ணின் முகத்தைவிட அதிகம் பார்க்கப்படுவது அவளுடைய கை. ஜரிகையைத் தொட்டுக் காட்டுவதும், பார்டரை மடித்துக் காட்டுவதும் அந்தக் கைதான். அதனால் அவள் நகங்களை எப்போதும் சுத்தமாக வைத்திருப்பாள். ஆனால், சாதாரண நெயில் பாலிஷ் அந்த வேலைக்குத் தாங்காது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போட்டால், செவ்வாய்க்கிழமைக்குள் நுனி உதிர்ந்துவிடும்.

ஜெல் நெயில்ஸ் இரண்டு, மூன்று வாரம் அப்படியே இருக்கும் என்று கேள்விப்பட்டாள். பார்லரில் விசாரித்தால் ஆயிரத்துக்கு மேல் சொன்னார்கள். செல்போனில் தேடியபோது, 1,100 ரூபாய்க்கு முழு செட்டே கிடைத்தது. உள்ளங்கை அளவு லேம்ப், பேஸ் கோட், டாப் கோட், ஆறு கலர், ஒரு ஃபைல். பொங்கல் போனஸில் வாங்கிவிட்டாள்.

செல்லூர் வீட்டில், ராத்திரி வேலையெல்லாம் முடிந்த பிறகு உட்காருவாள். நகத்தின் மேல்பளபளப்பை ஃபைலால் லேசாகத் தேய்க்க வேண்டும். பேஸ் கோட் தடவி லேம்புக்குள் ஒரு நிமிடம் விரலை நீட்ட வேண்டும். பிறகு கலர் இரண்டு கோட், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம். கடைசியில் டாப் கோட். நீல வெளிச்சத்தில் விரல்கள் மினுங்கும்.

"என்னத்தா இது, வெல்டிங் பட்டறை மாதிரி?" என்று அப்பத்தா சிரிப்பார்.

முதல் முறை போட்டுக்கொண்டு போனபோது, கடையில் கூட வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். "எனக்கும் போட்டு விடுக்கா" என்றாள் காட்டன் பிரிவில் இருக்கும் தங்கை ஒருத்தி. 150 ரூபாய்க்குப் போட்டுவிட்டாள். சித்திரைத் திருவிழா வருவதற்குள் ஒன்பது பேர் ஆகிவிட்டார்கள். வருகிற பணத்தைச் சேர்த்துப் பெரிய லேம்ப் வாங்க வேண்டும், பிறகு வீட்டு வாசலில் சின்னதாக ஒரு போர்டு வைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

அரிப்பு சொன்ன சேதி

பிப்ரவரி கடைசியிலேயே நகத்தைச் சுற்றி அரிக்கத் தொடங்கியது. பாத்திரம் விளக்கும் சோப்பு சேரவில்லை என்று நினைத்தாள். சோப்பை மாற்றியும் நிற்கவில்லை. மார்ச்சில் விரல் நுனிகள் காய்ந்து தோல் உரிந்தன. ஏப்ரலில் ஒருநாள் காலை எழுந்தால் கண் இமை இரண்டும் வீங்கியிருந்தன. கண் மைதான் காரணம் என்று மையைத் தூக்கி எறிந்தாள். நகத்துக்கும் இமைக்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்குத் தோன்றும்?

ஒவ்வொரு முறையும் வெடிப்பு கொஞ்சம் ஆறும். புது ஜெல் போட்டதும் மறுபடி கிளம்பும். அசிங்கமாகத் தெரிகிறதே என்று அதன் மேல் இன்னும் அழுத்தமான கலராகப் பார்த்துப் போட்டாள்.

அந்த அரக்குச் சேலை நாளுக்குப் பிறகு, சூப்பர்வைசர் அண்ணன் அவளைத் தனியே கூப்பிட்டார். "கை சரியாகுற வரைக்கும் குடோன்ல இரும்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால், குடோனில் விற்பனை கிடையாது. விற்பனை இல்லையென்றால் கமிஷன் கிடையாது. மறுநாளே தோல் மருத்துவரிடம் போனாள்.

டாக்டர் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்ட முதல் கேள்வி அவளுக்குப் புரியவே இல்லை.

"பல்லு ஏதாச்சும் அடைச்சிருக்கியாம்மா?"

"இல்ல டாக்டர். கடவாய்ப் பல்லுல சொத்தை இருக்கு. இனிமேதான் அடைக்கணும்."

"நகத்துக்கு என்ன போடுற?"

காய்வது வேறு, இறுகுவது வேறு

சாதாரண நெயில் பாலிஷ் காயும். அதில் இருக்கும் திரவம் காற்றில் ஆவியாகிப் போக, கலர் நகத்தில் படிந்து நிற்கும். ஜெல் அப்படிக் காய்வதில்லை. அதில் மெத்தாக்ரிலேட் வகையைச் சேர்ந்த மிகச்சிறிய மூலக்கூறுகள் இருக்கின்றன. லேம்பின் வெளிச்சம் பட்டதும் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பிளாஸ்டிக்காக இறுகுகின்றன. முழுதாக இறுகிவிட்டால் பெரும்பாலும் தொல்லை இல்லை. இறுகாத நிலையில் தோலில் பட்டால், அந்தச் சின்ன மூலக்கூறுகள் தோலுக்குள் புகுந்துவிடும். திரும்பத் திரும்பப் புகும்போது, ஒருநாள் உடம்பு அதை எதிரியாகக் குறித்துவைத்துக்கொள்ளும். அதுதான் ஒவ்வாமை.

பல் அடைக்கும் வெள்ளைப் பசையையும் இதேபோல நீல வெளிச்சம் காட்டித்தான் இறுக வைப்பார்கள். அதிலும் இதே குடும்பத்து ரசாயனம்தான். மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் பயன்படும் எலும்பு சிமென்ட்டும் அதே குடும்பம். சர்க்கரை அளவு பார்க்கக் கையில் ஒட்டும் சில சென்சார்களின் பசையிலும் அக்ரிலேட் உண்டு. டாக்டர் பல்லைப் பற்றிக் கேட்டதற்குக் காரணம் அதுதான்.

உறுதிப்படுத்த முதுகில் பேட்ச் டெஸ்ட் செய்தார்கள். சந்தேகப்படும் பொருட்களைத் துளித்துளியாக வைத்து ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். பிறகு இன்னும் இரண்டு நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். மதுரை வெயிலில் முதுகு நனையாமல் அந்த நாட்களை ஓட்டினாள். 'ஹெமா' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஹைட்ராக்ஸிஎத்தில் மெத்தாக்ரிலேட் வைத்த இடம் சிவந்து தடித்திருந்தது.

"எத்தனை நாள்ல சரியாகும் டாக்டர்?"

"வெடிப்பு சில வாரத்துல ஆறிடும். ஒவ்வாமை போகாதும்மா. பொதுவா ஆயுசுக்கும் இருக்கும். பல் டாக்டர்கிட்ட மறக்காம சொல்லிடும்மா."

இது அவளுக்கு மட்டும் வந்த விநோத வியாதி இல்லை. பிரிட்டன் தோல் மருத்துவர்கள் சங்கம் 2018-லேயே இதைப் பற்றி எச்சரித்தது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஒவ்வாமைப் பரிசோதனைக்கு வந்தவர்களில் 2.4 சதவிகிதம் பேருக்கு இந்த வகை ரசாயனங்களில் ஏதாவது ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்று அப்போது தெரிந்தது. வீட்டில் போட்டுக்கொள்ளும் செட்களைப் பற்றிக் குறிப்பாக எச்சரித்தார்கள். ஐரோப்பிய யூனியனில் 2021 முதல், ஹெமா கலந்த நகப்பூச்சுகளின் மேல் 'தொழில்முறையில் பயன்படுத்துபவர்களுக்கு மட்டும்' என்ற எச்சரிக்கை கட்டாயம். அவள் வாங்கிய பாட்டில்களில் எச்சரிக்கை இல்லாதது மட்டுமல்ல, உள்ளே என்ன இருக்கிறது என்றே அச்சிடவில்லை.

ஒன்பது பேர்

டாக்டர் சொன்னதைக் கேட்டு வந்த ராத்திரி அவளுக்குத் தூக்கம் வரவில்லை. தன் விரலை நினைத்து அல்ல, அந்த ஒன்பது பேரை நினைத்து.

சொல்லாமல் விட்டிருக்கலாம். யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால், மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருவராகத் தேடிப்போய்ச் சொன்னாள். பில்லிங்கில் இருக்கும் அக்கா டிபன் பாக்ஸை மூடிவிட்டுக் கையை நீட்டினார். "எனக்கும் பதினைஞ்சு நாளா அரிக்குதுடி. துணி சோப்புன்னுல நெனச்சேன்." கட்டை விரலைச் சுற்றிச் சிவந்திருந்தது. இன்னொருத்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "தெரியாமலா எங்களுக்குக் காசு வாங்கிப் போட்டுவிட்ட?" அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தாள். அடுத்த ஞாயிறு, அரிப்பு இருந்த அக்காவைத் தானே டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

முதன்முதலில் போட்டுக்கொண்ட காட்டன் பிரிவுத் தங்கை மட்டும் விடவில்லை. "எனக்கு ஒண்ணும் ஆகலையேக்கா. அந்த லேம்பைக் குடுங்க, நானே போட்டுக்குறேன்."

லேம்பைக் கொடுக்க மனம் வரவில்லை. ஆனால், கொடுக்காவிட்டால் அவள் தானே ஒன்றை வாங்கிக்கொள்வாள் என்பதும் தெரியும். நாலு மாதத்துக்கு முன்னால் தன்னிடம் யாராவது வேண்டாம் என்று சொல்லியிருந்தால் கேட்டிருப்பாளா? அதனால் அன்று சாயங்காலம் அந்தப் பெண்ணை உட்காரவைத்து, தான் செய்த தப்பையெல்லாம் வரிசையாகச் சொன்னாள்.

"மொதல்ல, என்ன கலந்திருக்குன்னு போடாத பாட்டிலை வாங்காத. 'ஹெமா இல்லாதது'ன்னு போட்டிருந்தாலும் நம்பிடாத, அதே குடும்பத்துல வேற ரசாயனம் இருக்கும். ஜெல்லும் லேம்பும் ஒரே கம்பெனியா இருக்கணும். ஜெல்லுக்கு ஏத்த வெளிச்சம் இல்லைன்னா மேல இறுகுன மாதிரி தெரியும், அடியில பச்சையாவே இருக்கும். நான் அதைத்தான் போட்டேன்.

தடிமனா பூசாத. மெல்லிசா ரெண்டு கோட் போடு. கட்டை விரலைத் தனியா வை. நாலு விரலோட சேர்த்து வெச்சா அது சாஞ்சு நிக்கும், வெளிச்சம் சரியா படாது. நகத்தைச் சுத்தித் தோல்ல ஒரு துளி பட்டாலும், லேம்புக்குள்ள கையை விடுறதுக்கு முன்னாடி துடைச்சிரு.

டாப் கோட் போட்ட பிறகு பிசுபிசுன்னு ஒண்ணு மேல நிக்கும்ல, அது இறுகாத ஜெல்லு. நான் அதை வெறும் விரலாலதான் துடைச்சேன். அதே கையால கண்ணைத் தேய்ச்சேன்."

கண் இமை வீங்கியது எதனால் என்று சொல்லும்போது, அந்தப் பெண் தன்னையறியாமல் கையை மடியில் துடைத்துக்கொண்டாள்.

சாதாரண ரப்பர் கையுறை போட்டால் போதும் என்றும் நினைக்கக் கூடாது. இந்த ரசாயனம் அதையும் ஊடுருவும். எடுக்கும்போதும் பொறுமை வேண்டும். அசிட்டோன் நனைத்த பஞ்சை நகத்தில் வைத்து, ஃபாயில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டால் ஜெல் தானாக விலகும். அவளோ பஸ்ஸில் போகும்போது நகத்தாலேயே பிய்த்துப் பிய்த்து எடுத்தாள். ஜெல்லோடு நகத்தின் மேலடுக்கும் உரிந்து வந்தது. அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால், அதை அடுப்படியில் வைத்துச் செய்யக் கூடாது.

லேம்பின் புற ஊதாக் கதிர் பற்றியும் பேச்சு வந்தது. அமெரிக்காவின் சான் டியாகோ கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களை 20 நிமிடம் இந்தக் கதிரில் வைத்தபோது, 20 முதல் 30 சதவிகிதம் செல்கள் இறந்தன. தட்டில் இருக்கும் செல்லும் மனிதக் கையும் ஒன்றல்ல. ஆனாலும் விரல் நுனி மட்டும் திறந்திருக்கும் கையுறையோ, சன்ஸ்கிரீனோ போட்டுக்கொள்வது நல்லது என்பதே தோல் மருத்துவர்களின் அறிவுரை.

"கடைசியா ஒண்ணு. அரிப்பு வந்துச்சுன்னா அன்னைக்கே நிறுத்திரு. நான் மூணு மாசம் சோப்பைத் திட்டிக்கிட்டு இருந்தேன்."

அந்தப் பெண் அதற்குப் பிறகு லேம்பைக் கேட்கவில்லை. சொந்தமாக வாங்கினாளா என்று இவளும் கேட்கவில்லை.

ஆடியிலிருந்து தீபாவளி வரை

விரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். அடியிலிருந்து நுனி வரை முழுப் புது நகம் வர ஆறு மாதம் ஆகும். டாக்டர் கொடுத்த களிம்பில் வெடிப்புகள் ஜூனிலேயே ஆறின. ஆனால், சுரண்டி மெலிந்த நகம் மேலேறி வெட்டுப்பட்டுப் போகக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தை குடோன் கதவுக்குப் பின்னாலிருந்து சத்தமாக மட்டும் கேட்டாள். கமிஷன் இல்லாத அந்த மாதங்களில் சம்பளக் கவரைத் தொட்டாலே தெரிந்தது.

செப்டம்பரில் பல் டாக்டரிடம் போனாள். வாயைத் திறப்பதற்கு முன் பர்ஸிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள். 'அக்ரிலேட், மெத்தாக்ரிலேட் ஒவ்வாமை' என்று தோல் மருத்துவர் எழுதிக் கொடுத்தது. படித்துவிட்டு, வெளிச்சம் காட்டி இறுக வைக்கும் பசைக்குப் பதிலாக, மெத்தாக்ரிலேட் கலக்காத வேறு சிமென்ட்டால் அடைத்துவிட்டார். "நல்லவேளை, மொதல்லயே சொன்ன" என்றார்.

தீபாவளிக்கு முந்தின வாரம், அப்பத்தா பக்கத்து வீட்டு மருதாணிச் செடியிலிருந்து இலை பறித்து அம்மியில் அரைத்தார். கடையில் விற்கும் கறுப்புக் கோனிலும் ஒவ்வாமை தரும் ரசாயனம் இருக்கலாம் என்பதால், இலையைத் தவிர வேறெதையும் வைப்பதில்லை என்று அவள் ஏற்கெனவே முடிவு செய்திருந்தாள். விரல் நுனிகளுக்குத் தொப்பி மாதிரி வைத்துவிட்டு, "இது எத்தனை வாரத்தா நிக்கும் உங்க கணக்குல?" என்று கேட்டார் அப்பத்தா.

"நகம் வளர்ந்து வெட்டுற வரைக்கும் அப்பத்தா."

மறுநாள் காலை பட்டுப் பிரிவில் பழைய இடத்தில் நின்றாள். முதல் சேலையை எடுப்பதற்கு முன், யாரும் பார்க்காதபோது ஆள்காட்டி விரலைப் பட்டின் மேல் ஒருமுறை நீவிப் பார்த்தாள். இழை எதிலும் மாட்டவில்லை.

"வாங்கக்கா, என்ன கலர் பார்க்குறீங்க?" என்று சேலையை விரித்தாள்.