அப்பாயி கேட்ட மெட்டு

நான் எழுதின கட்டுரை முதல் தடவையா அச்சில வந்தப்போ, அதை அப்பாயிகிட்டதான் கொண்டுபோய்க் குடுத்தேன். தாளைத் தடவிப் பார்த்துட்டு, "என்னா போட்டிருக்கு, படி சாமி" என்று கேட்டுச்சு. நாற்பது வருசம் கொழுந்தெடுத்து, கைநாட்டு வச்சே சம்பளம் வாங்கினது அப்பாயி. கோ. நடேசய்யரை நினைச்சாலே எனக்கு இந்தக் காட்சிதான் முன்னுக்கு வருது.

தஞ்சாவூர்ப் பக்கத்து பிராமணர். கொழும்புக்கு வந்து 1920களில் தேசநேசன், பிறகு தேசபக்தன் என்று பத்திரிகை நடத்தினார். 1925இல் சட்டநிரூபண சபைக்குப் போனார். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று சம்மேளனம் தொடங்கினார். 1936 முதல் 1947 வரை அரசாங்க சபையில் அட்டனுக்கு உறுப்பினர். இதெல்லாம் தேடினா கிடைக்கும்.

எனக்குப் பிடிச்சது வேற. அந்தக் காலத்துல தோட்டத்துக்குள்ள வெளியாள் நுழைஞ்சா அத்துமீறல் வழக்கு. புடவை வியாபாரியை மட்டும் தொரைமார் விட்டுவிடுவாங்க. அதனால நம்ம ஆசிரியர் புடவை வியாபாரி மாதிரி வேசம் போட்டுக்கொண்டு லயங்களுக்குள்ள போயிருக்கிறார். போய்ப் பார்த்ததைத்தான் எழுதினார். ஆனா அதை யார் வாசிச்சிருப்பாங்க? எழுத்துத் தெரிஞ்சது அநேகமா கங்காணிக்கும் கணக்கப்பிள்ளைக்கும்தான். யாருக்காக எழுதினாரோ, அந்தச் சனத்துக்கு அது வெறும் தாள்.

அந்த இடத்துலதான் மீனாட்சி அம்மாள் வாறாங்க. நடேசய்யரின் மனைவி என்று ஒரு வரியில முடிச்சிடுவாங்க. எனக்கு அதுல கோபம் உண்டு. கூட்டங்கள்ல பாரதி பாட்டுப் பாடித்தான் அவங்க சனத்தைச் சேர்த்தாங்க. சொந்தமாப் பாட்டுக் கட்டி, 'இந்தியத் தொழிலாளர் துயரச் சிந்து' என்று புத்தகமாவும் போட்டாங்க. படிக்கத் தெரியாத ஆளும் பாட்டை மனசுல வச்சுக்கொண்டு மலையேறலாம்தானே.

நடேசய்யர் எல்லாரோடும் ஒத்துப்போன மனுசர் இல்ல. ஏ. ஈ. குணசிங்கவோட சேர்ந்து தொழிற்சங்க வேலை செய்தவர், அந்தப் பக்கம் இந்தியத் தொழிலாளருக்கு எதிராத் திரும்பினதும் பிரிஞ்சு வந்தார். கடைசிக் காலத்துல இலங்கை இந்தியன் காங்கிரஸ் வளர, இவர் செல்வாக்குக் குறைஞ்சுபோச்சு. 1947 தேர்தல்ல தோத்தார். அந்த நவம்பர்லயே செத்துப்போனார். அடுத்த வருசம் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, அவர் வேசம் போட்டுத் தேடிப்போன சனத்தில பெரும்பாலானவங்களை நாடில்லாதவங்களா ஆக்கிச்சு.

இதையும் அப்பாயிக்கு வாசிச்சுக் காட்டினேன். அய்யரைப் பத்தி ஒண்ணும் கேக்கல்ல.

"அந்த அம்மா எந்த மெட்டுல பாடுச்சு?"

எனக்குச் சொல்லத் தெரியல்ல.