மருந்தடிக்காத நாலு வரிசை

அதிகாலை நாலரை மணிக்குச் சத்தியமங்கலத்தை அடுத்த மல்லிகைத் தோட்டங்களில் நெற்றி விளக்குகள் நகர்கின்றன. பூப்பறிக்க வரும் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் மடி கட்டி, செடிக்குச் செடி குனிந்தபடியே போகிறார்கள். மல்லிகைச் செடி இடுப்புயரம்தான். நிமிர்ந்தும் பறிக்க முடியாது, உட்கார்ந்தும் பறிக்க முடியாது. இன்று மாலை விரியப்போகும் மொட்டு எது, நாளைக்கு விடவேண்டியது எது என்பதை விரல்தான் கண்டுபிடிக்கிறது. முற்றிய மொட்டு பருத்து வெளுத்திருக்கும். நாளைய மொட்டில் பச்சை இன்னும் மிச்சமிருக்கும். வெயில் ஏறுவதற்குள் கூடை நிறைந்து ஏலத்துக்குப் போய்ச் சேர வேண்டும். கூலி கிலோக் கணக்கில் என்பதால் யாரும் பேசுவதில்லை. மொட்டு காம்பிலிருந்து பிரியும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

நான் பார்க்கப் போனது ஏலத்துக்குப் போகும் பூவை அல்ல. அந்தத் தோட்டத்தின் ஓரத்தில் நாலு வரிசைச் செடிகள் தனியாக விடப்பட்டிருந்தன. நடுவில் மஞ்சள் ஒட்டும் அட்டைகள் தொங்கின. செடிகளும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் மெலிவு. அவற்றின் பூ கோயம்புத்தூரில் ஒரு சிறிய பேக்கரிக்குப் போகிறது, சாக்லேட் பிரவுனி செய்ய.

"இந்த நாலு சாலுக்கு மருந்தே அடிக்கறதில்லைங்க" என்றார் தோட்டத்து அம்மா. "மொட்டுப்புழு தின்னது போக மிச்சந்தான் அவங்களுக்கு. மொதல்ல எங்க வீட்ல ஒத்துக்கவே இல்லை. பூவைத் திங்கப் போறாங்கன்னு சொன்னதும் சரின்னுட்டாரு."

இதை அழுத்திச் சொல்ல வேண்டும். கடைத்தெருவில் முழம் போட்டு வாங்கும் மல்லிகை தலையில் சூடுவதற்காக வளர்க்கப்பட்டது. மொட்டுப்புழுவும் சிலந்திப் பேனும் வராமலிருக்க அதன்மேல் அடிக்கடி பூச்சிக்கொல்லி தெளிக்கப்படுகிறது. பறிப்பதற்கு முந்தைய நாள் தெளித்திருந்தாலும் வாங்குபவருக்குத் தெரியப்போவதில்லை. வீட்டில் கேக் செய்கிறவர்கள் அழகுக்காகச் சந்தைப் பூவை மேலே தூவுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது. சாப்பாட்டில் சேரும் பூ தோட்டத்திலேயே தனியாகப் பிரிந்தாக வேண்டும். அப்படிப் பிரிப்பவருக்கு மகசூல் குறையும், வேலை கூடும். விளக்குப்பொறி வைக்க வேண்டும், புழு விழுந்த மொட்டைக் கையால் கிள்ளி எறிய வேண்டும். இந்தத் தோட்டத்துக்கும் பேக்கரிக்கும் உள்ள ஒப்பந்தம் எளிமையானது: ஆண்டு முழுவதும் ஒரே விலை. ஏலத்தில் முகூர்த்த நாளில் கிலோ ஆயிரங்களில் போகும். வரத்து பெருத்த நாளில் பறிகூலிக்கே கட்டாது. அந்த ஏற்ற இறக்கத்தை இந்த நாலு வரிசை மட்டும் பார்ப்பதில்லை.

மொட்டுகளை ஈரத்துணியில் சுற்றி, வாழை மட்டையில் பொதிந்து, காலைப் பேருந்தில் ஏற்றிவிடுகிறார்கள். பேக்கரிக்கு வரும்போது அவை மூடியே இருக்கும், மணமும் பெரிதாக இருக்காது. மல்லிகை பறித்த பிறகும் உயிரோடுதான் இருக்கிறது. பொழுது சாய்ந்து அது விரியத் தொடங்கிய பிறகே மணத்தை வெளியே விடுகிறது, இரவு முழுவதும் விட்டுக்கொண்டே இருக்கிறது. ஆகவே அந்தப் பேக்கரியில் முக்கியமான வேலை தொடங்குவது மாலை ஏழு மணிக்கு. பேக்கரியை நடத்துபவர் முன்பு ஒரு பஞ்சாலையில் கணக்கு எழுதியவர். துணைக்கு இரண்டு பெண்கள். மூவரும் மதியம் தூங்கி எழுந்து, பூ கண் திறக்கும் நேரத்துக்கு வந்து நிற்கிறார்கள்.

எவர்சில்வர் தாம்பாளங்களில் வெள்ளையாக ஒரு கொழுப்பு பரப்பப்பட்டிருந்தது. வாசனை நீக்கிய கொக்கோ வெண்ணெயும் ரீஃபைண்ட் தேங்காய் எண்ணெயும் கலந்தது. கொக்கோ வெண்ணெய் தனியாக இருந்தால் நம் ஊர் இரவிலும் கல்லாக இறுகிக் கிடக்கும். தேங்காய் எண்ணெய் சேர்ந்தால் விரல் பதியும் அளவுக்கு இளகுகிறது. இரண்டுக்கும் சொந்த மணம் கிடையாது என்பதால் பூவின் மணம் கலப்படமில்லாமல் இறங்கும். அந்தப் பரப்பின்மேல், விரிந்துகொண்டிருக்கும் பூக்களை ஒவ்வொன்றாக முகம் கீழே பார்க்கக் கவிழ்த்து வைத்தார்கள். காம்பு நீக்கிய பூதான். காம்பு சேர்ந்தால் பச்சை நாற்றம் ஏறிவிடும். தாம்பாளத்துக்கு மேல் இன்னொரு தாம்பாளம் மூடி. காலை ஆறு மணிக்குத் திறந்தால் பூக்கள் பழுத்துத் துவண்டிருக்கும். அவற்றை இடுக்கியால் எடுத்துவிட்டு, அன்று மாலை அதே கொழுப்பின்மேல் புதுப்பூ. இப்படிப் பத்து இரவு வரை. அழுகிய ஒரே ஒரு பூ தங்கினாலும் தாம்பாளம் முழுவதும் போய்விடும் என்பதால் காலை வேலையை அவர் யாரிடமும் விடுவதில்லை.

பிரெஞ்சு வாசனைத் தொழிலாளர்களும் கொழுப்பில் மணம் ஏற்றத் தெரிந்தவர்கள்தாம். ஆனால் மல்லிகையையும் சாக்லேட்டையும் சேர்த்த பழைய கதை இத்தாலியில் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ தெ மெதிச்சியின் அரண்மனையில் மல்லிகை மணக்கும் சாக்லேட் பானம் புகழ்பெற்றிருந்தது. அதன் பக்குவத்தை அரண்மனை மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி ரகசியமாகவே வைத்திருந்தார், அவர் இறந்த பின்புதான் அது வெளியானது. வறுத்து உடைத்த கொக்கோப் பருப்பின் நடுவே புது மல்லிகையை அடுக்கடுக்காகப் பரப்பி, ஒரு நாள் விட்டு, பூவை மாற்றி, பத்துப் பன்னிரண்டு முறை இதையே திரும்பச் செய்வது. அரைக்கும் கல் சற்றே சூடாயிருந்தால் போதும், அதிகம் சுட்டால் மணம் போய்விடும் என்ற எச்சரிக்கையும் அதில் உண்டு. அதே கோசிமோ அடுக்கு மல்லியைக் கோவாவிலிருந்து வரவழைத்துத் தோட்டத்தில் காவல் வைத்து வளர்த்தார். மேலைநாட்டு நாற்றுப் பண்ணைகளில் அந்தச் செடிக்கு இன்றும் டஸ்கனிக் கோமகன் என்றுதான் பெயர். நம் வீட்டு வாசலில் கேட்பாரற்றுப் பூக்கும் செடி அது.

பேக்கரிக்காரர் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "கல்லுச் சூடு பத்தி அவரும் சொல்லியிருக்காரா?" அவருடைய கவலை முழுவதும் சூடுதான்.

பின்கட்டில் சாக்லேட் அரைந்துகொண்டிருந்தது. பருத்த டிரம், உள்ளே கருங்கல் தளத்தின்மேல் சுழலும் கல் உருளைகள். பார்த்த எவருக்கும் அடையாளம் தெரியும். கோயம்புத்தூர் இட்லி கிரைண்டர்தான் அது, மோட்டாரின் பலம் கூட்டி, சூடு தாங்கும்படி மாற்றியது. அமெரிக்காவில் கொட்டையிலிருந்தே சாக்லேட் செய்யும் சிறு தயாரிப்பாளர்கள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பெருகியபோது, அவர்களுக்குக் கட்டுப்படியான விலையில் கிடைத்த அரைவை இயந்திரம் நம் மேசைக் கிரைண்டர். கோவைப் பட்டறைகள் அதை மெலாஞ்சர் என்ற பெயரில் உலகெங்கும் அனுப்புகின்றன. மாவு அரைக்கப் பிறந்த கல் இத்தனை நாட்டுச் சாக்லேட்டை மழமழவென்று ஆக்கிக்கொண்டிருப்பதை நினைத்தால் எனக்குப் பெருமைதான்.

அதில் அரைபடும் கொட்டை பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளிலிருந்து வருகிறது. தென்னை நிழலில் ஊடுபயிராக நிற்கும் கொக்கோ மரங்கள் அடிமரத்திலேயே காய்க்கும். தோப்புக்காரருக்கு அணிலும் எலியும் ஓயாத தொல்லை. காயை உடைத்து, வெள்ளைச் சதையோடு கொட்டையைப் பெட்டியில் போட்டு வாழையிலையால் மூடி ஐந்தாறு நாள் புளிக்க வைத்து, வெயிலில் காய வைப்பார்கள். சாக்லேட்டின் ருசி பிறப்பது இந்தப் புளிப்பில்தான். 2024இல் உலகச் சந்தையில் கொக்கோ டன்னுக்குப் பத்தாயிரம் டாலரைத் தாண்டியபோது, அதுவரை தென்னையடியில் கவனிப்பாரற்றுக் கிடந்த மரங்களுக்கும் கவாத்து நடந்தது என்று அங்கே ஒருவர் சொன்னார்.

புளித்த கொட்டையில் காடி நெடி இருக்கும். அதைப் போக்க மணிக்கணக்கில் திறந்து வைத்து அரைக்க வேண்டும், கல் உராயும் சூட்டில் நெடி பறக்கும். ஆனால் மல்லிகை மணமும் அதே வழியில்தான் பறக்கும். இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் அவருக்கு வெகுகாலம் பிடித்திருக்கிறது. இப்போது சாக்லேட்டைப் பூச் சேர்க்காமல் அரைத்து, நெடியெல்லாம் போன பிறகு, கடைசிக் கட்டத்தில்தான் மணம் ஏற்றிய கொழுப்பை ஊற்றுகிறார். அதற்குள் கல்லும் ஆறியிருக்க வேண்டும்.

பிரவுனி பிறந்த கதையை 1893 சிகாகோ உலகக் கண்காட்சியோடு சேர்த்துச் சொல்வார்கள். பெண்களின் மதிய உணவுப் பெட்டியில் கையோடு எடுத்துச் சாப்பிடத் தோதான இனிப்பு ஒன்றை பெர்த்தா பாமர் என்ற பெண்மணி தன் கணவரின் பாமர் ஹவுஸ் ஓட்டல் சமையற்காரர்களிடம் கேட்டாராம். வால்நட்டும் ஏப்ரிகாட் பூச்சும் கொண்டது அது. இங்கே வால்நட் கிடையாது. அதன் கசப்பு மல்லிகையை அமுக்கிவிடும் என்று நீக்கிவிட்டார்கள்.

மாவு கலக்கும் நாளில் நான் கூடவே நின்றேன். வெண்ணெயையும் டார்க் சாக்லேட்டையும் வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்து உருக்குகிறார்கள். முட்டையும் சர்க்கரையும் நாடாவாக விழும்வரை அடிக்கிறார்கள். பிரவுனியின் மேலே பளபளவென்று மெல்லிய தோல் உரியுமே, அது சர்க்கரை முட்டையில் நன்றாகக் கரைந்ததன் விளைவு. மைதா மிகக் குறைவு, அதையும் கரண்டியால் மடித்துச் சேர்ப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒரு சிட்டிகை உப்பு. மணம் ஏற்றிய கொழுப்பில் ஒரு பங்கு இந்த மாவில் போகிறது. 170 டிகிரி அடுப்பில் அரைமணிக்கும் குறைவு. துணைக்கு இருக்கும் இரண்டு பெண்களில் இளையவர் குச்சியை நடுவில் குத்தி எடுத்துக் காட்டினார்: குச்சியில் ஈரத்துணுக்குகள் ஒட்டியிருந்தன. "சுத்தமா வந்துச்சுன்னா கேக் ஆயிடுச்சுன்னு அர்த்தங்க்கா. இப்பவே எடுத்துரோணும்."

அடுப்பைத் திறந்தபோது அறை முழுவதும் மல்லிகை. எனக்கு அது பரவசமாக இருந்தது. பேக்கரிக்காரர் முகம் வாடியது. அறையில் மணப்பதெல்லாம் பண்டத்தை விட்டுப் போனதுதானே. மாவிலிருந்து நீராவி கிளம்பும்போது பூவின் மணத்தையும் கையோடு இழுத்துக்கொண்டு போகிறது. ஆகவே அவர் பாதிக்கு மேற்பட்ட கொழுப்பை அடுப்புக்குக் காட்டுவதேயில்லை. பிரவுனி நன்றாக ஆறிய பின், மணம் ஏற்றிய சாக்லேட்டையும் க்ரீமையும் சேர்த்து இளக்கி மேலே மெல்லிய ஏடாகப் பூசுகிறார். வாயில் முதலில் கரைவது அந்த ஏடு. மூக்குக்குப் பின்னால் மல்லிகை எழுந்து, அது தணியும்போது கொக்கோவின் கசப்பு வருகிறது.

அளவு கொஞ்சம் கூடினாலும் கெட்டுவிடும். மல்லிகையில் இன்டோல் என்றொரு பொருள் இருக்கிறது. இழையோடினால் பூவுக்கு ஆழம் தரும், மிஞ்சினால் மூடிய அறையில் வாடிய பூச்சரத்தின் நெடியைத் தரும். சந்தையில் கிடைக்கும் மல்லிகை எசென்ஸ் போட்டுச் செய்த பிரவுனிகளை நான் சாப்பிட்டிருக்கிறேன். ஒரே சுருதியில் இனித்து நாக்கில் சோப்பாக ஒட்டும். இங்கே அப்படியில்லை. கொக்கோவிலேயே லினலூல் என்ற பூமணப் பொருள் உண்டு, மல்லிகையிலும் அதுவே இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று அறிந்தவை என்பது என் நாக்குக்குத் தெரிந்தது.

இதன் விலை சாதாரணப் பிரவுனியைப் போல இரு மடங்குக்கு மேல். அதிகம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அந்த விலையில் குறை காண முடியவில்லை. நான் கேட்டதெல்லாம் அதில் எவ்வளவு குனிந்து பறிக்கிற கைக்குப் போகிறது என்பதுதான். நிலையான விலை தோட்டக்காரருக்குக் கிடைக்கிறது, பறிகூலி மட்டும் மற்ற தோட்டங்களில் கொடுப்பதுதான். புழுமொட்டைக் கிள்ளி, நல்லதைப் பொறுக்கிப் பறிப்பதால் இந்த நாலு வரிசையில் கூடை நிறைய நேரமாகிறது. கிலோக் கணக்குக் கூலியில் அந்த நேரம் பறிப்பவருக்கு நஷ்டம். இதைச் சொன்னபோது பேக்கரிக்காரர் உடனே பதில் சொல்லவில்லை.

மறுநாள் நான் அங்கிருக்கும்போதே தோட்டத்து அம்மாவோடு போனில் பேசினார். தீபாவளி ஆர்டருக்கு நாலு வரிசை போதவில்லை, அடுத்த பருவத்துக்கு ஆறாக்க வேண்டும் என்று இவர் கேட்டார். ஆறாக்கலாம், ஆனால் பறிக்க வருகிறவர்களுக்குக் கிலோக் கணக்கு ஆகாது, அந்த வரிசைகளுக்கு மட்டும் நாள் கூலியாகக் கொடுத்தால்தான் வருவார்கள் என்றார் அந்த அம்மா. கணக்கு எழுதிய கை காலண்டர் தாளின் பின்புறம் கூட்டிக் கழித்தது. "சரிங்க்கா, நாள் கூலியே போடுங்க" என்றார் பேக்கரிக்காரர். கார்த்திகைக் கடைசியில் செடிகளைக் கவாத்து பண்ணுவார்கள், அதற்குப் பிறகு வரும் தளிரிலிருந்தே புதிய இரண்டு வரிசைக்கும் மருந்து படக்கூடாது என்று பேசி முடித்தார்கள். பூ குறையும் மார்கழியிலும் தையிலும் மல்லிகைப் பிரவுனி கிடையாது, அப்போது பன்னீர் ரோஜா.