கூரையின் கீழே ஒரு பாலம்

கொட்டாஞ்சேனையில் என் தந்தையாரின் பட்டறையிலே உளி பிடிக்கப் பழகி, பின்னர் வெள்ளவத்தைப் பழைய வீடுகளின் தூண்களையும் கைமரங்களையும் செப்பனிடுவதையே ஜீவனோபாயமாகக் கொண்ட என்னிடம், மரத்தின் பரம சத்துரு யாரென்று கேட்டால், கறையானைச் சொல்லுமுன் தண்ணீரையே சொல்வேன்.

பதுளை மாவட்டத்தில், ஹாலி-எலவுக்கு அண்மையிலுள்ள போகொட மரப்பாலத்தைத் தரிசித்த அன்று இவ்வெண்ணம் ஸ்திரப்பட்டது. புராதன விகாரையின் அருகே, ஓயாவின் குறுக்கே, ஏறத்தாழ 50 அடி நீளமும் 6 அடி அகலமுமாக நிற்கும் அப்பாலம், பதுளையைக் கண்டியோடு இணைத்த பழைய பாதையில் 16ஆம் நூற்றாண்டில் அமைந்ததென்பர். பலா, மருது முதலிய மரங்களாலான அதன் அங்கங்களைப் பிணைப்பவை மர ஆணிகள். மேலே கண்டிப் பாணியில் ஓட்டுக்கூரை.

அக்கூரை வழிப்போக்கருக்கு நிழல் தர எழுந்ததென்று நினைப்போர் பலர். தச்சன் கண்ணுக்கோ அது பொருத்துகளுக்குப் பிடித்த குடை. மழைநீர் துளைக்குள் இறங்கிவிட்டால், புறம் உலர்ந்த பின்னும் அகத்தில் ஈரம் தங்கி, முதலில் வெளிற்றையும் பிறகு வைரத்தையும் தின்னும். அந்த ஈரத்தில் இரும்பாணி துருவேறித் தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும். மர ஆணியோ மரத்தோடு கூடவே பருத்துச் சுருங்கும்.

ஜீர்ணோத்தாரணம் என்ற பெயரில் பழையதைப் பிடுங்கி எறிவது சுலபம். இளமையில் ஒரு வீட்டு விறாந்தைத் தூணை நானே அவ்வாறு பிடுங்கினேன். அறுத்துப் பார்த்தால், உளுத்திருந்தது அடியில் ஒரு சாண் மாத்திரமே. அதற்கு மேல் வைரம் உளியின் வாயை மழுக்கியது. அன்றுதொட்டு, உளுத்த பாகத்தை மட்டும் சரிவாக அறுத்து நீக்கி, அதே ஜாதி மரத்தில், ரேகை ஓட்டம் பிசகாமல், புதுக்கால் பொருத்துவதையே நியமமாகக் கொண்டேன். லூசேர்ன் நகரத்து 14ஆம் நூற்றாண்டுக் கூரைப்பாலம் 1993இல் பெரும்பகுதி எரிந்து, மறு ஆண்டே மீண்டும் எழுந்தது. அது போற்றத்தக்க வேலைதான். ஆயினும், பழைய மரம் இருக்கும்போதே அதைக் காப்பதுதான் எங்கள் தொழிலின் உயர்ந்த தர்மம்.

போகொட செல்லும் அன்பர்கள் வேலைப்பாடமைந்த கைப்பிடியை ரசித்தபின், சற்று அண்ணாந்து கூரையையும் நோக்குவார்களாக. ஓர் ஓடு விலகியிருக்கக் கண்டால், தொல்பொருள் திணைக்களத்தாரிடம் சொல்லிவிடுங்கள். பாலத்தைப் பழுதுபார்க்கும் வேலை அந்த ஓட்டிலிருந்துதான் தொடங்குகிறது.