வைக்கோலும் அவகாசமும்

ஆசிரியத் தொழில் செய்வோர் வீட்டில் எது குறைந்தாலும் கட்டும் கயிறு குறைவதில்லை. இடமாற்றக் கடிதம் எப்பொழுது வருமென்று எவரும் அறியார். வந்துவிட்டாலோ, புதிய தவணை தொடங்குமுன் குடும்பம் முழுவதையும் பெயர்த்துக்கொண்டு போய்விட வேண்டும். எமது இல்லத்தில் இருவரும் ஆசிரியர்கள். செங்கலடியில் குடியமர்வதற்கு முன்னும் பின்னுமாக ஐந்து முறை வீடு மாறியிருக்கிறோம். ஆகவே, உடையும் பொருள்களை உடையாமற் கொண்டுபோவது எப்படி என்ற விஷயத்தில் எமக்கு ஓரளவு பாண்டித்தியம் உண்டென்று சொல்லிக்கொள்ளலாம். இதனை அற்ப விஷயம் என்று கருதும் நண்பர்கள், மாதக் கணக்கில் மிச்சம்பிடித்து வாங்கிய தேநீர்க் கோப்பைகளை ஒருமுறையேனும் லொறியில் ஏற்றிப் பார்க்கட்டும்.

இக்கலையை நாம் நூல்களிற் படித்தோமில்லை. எமக்குக் கற்பித்தவர்கள் தயிர் வியாபாரிகள்.

மட்டக்களப்பிலிருந்து வடக்கே திருகோணமலைக்குச் செல்லும் வீதியும், மேற்கே பதுளைக்குச் செல்லும் வீதியும் பிரிகின்ற இடம் செங்கலடிச் சந்தி. பதுளை வீதி வழியே உள்ளே சென்றால் வயல்வெளிகள். அவற்றுக்கப்பால் மேய்ச்சல் தரைகள். சூரியன் படுகின்ற திசையிலுள்ளதால் அப்பக்கத்தைப் படுவான்கரை என்பர்; வாவிக்குக் கிழக்கே கடலோரமாகக் கிடப்பது எழுவான்கரை. படுவான்கரையின் எருமைத் தயிர் மண்சட்டியிலே உறைவது. சட்டியின் மண் நீரை உறிஞ்சுவதாலேயே தயிர் கட்டியாகிறது. எனவே சட்டியை மாற்றித் தகரத்தில் ஊற்றிக்கொண்டு வரலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை. கரடுமுரடான பாதையில், சைக்கிளின் பின்னே கட்டிய பெட்டியில், அச்சட்டிகள் உடையாமலும் வர வேண்டும். சரியாமலும் வர வேண்டும்.

அவர்கள் செய்வதைக் கவனித்தால் மூன்று காரியங்கள் புலப்படும். சட்டி சட்டியோடு முட்டுவதில்லை. இடையில் முறுக்கிய வைக்கோல் இருக்கிறது. சட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே வெற்றிடம் விடப்படுவதில்லை. அடியிலே வைக்கோலை வளையமாகச் சுற்றிச் செய்த திருகணை இருப்பதால், சட்டியின் பாரம் ஒரு புள்ளியில் இறங்காமல் வட்டம் முழுவதிலும் பரவுகிறது. நியூட்டனின் விதியைக் கரும்பலகையில் எழுதிக் களைத்த விஞ்ஞான ஆசிரியர்கள், மாணவரை ஒருநாட் காலை சந்திக்கு அழைத்துச் சென்றாற் போதும். அதிர்ச்சியை நொடிப்பொழுதிற் தாங்குவதற்கும், நசுங்கிக் கொடுக்கும் வைக்கோலின் தயவால் சற்று நீண்ட நேரத்திற் தாங்குவதற்கும் உள்ள வேற்றுமையே சட்டிக்கும் ஓட்டுக்கும் உள்ள வேற்றுமை.

இதே நியாயந்தான் எமது வீட்டுச் சாமான்களுக்கும். பீங்கான் தட்டங்களைப் படுக்கையாக அடுக்குவது பலரது வழக்கம். அப்படி அடுக்கினால் மேலுள்ளவற்றின் பாரமெல்லாம் அடித்தட்டத்தின் நடுவில் இறங்கும். லொறி ஒரு குழியில் விழுந்தெழும்போது அது வெடிக்கும். புத்தகத்தை நிறுத்துவதுபோல் விளிம்பிலே நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் இடையில் பழந்துணியோ செய்தித்தாளோ செருகிவிட்டால் நெடுந்தூரம் தாங்கும். கோப்பைகளுக்கு உள்ளேயும் துணி திணிக்க வேண்டும். கைபிடிக்குத் தனியாக ஒரு சுற்று. கண்ணாடியின்மேல் குறுக்காக ஒட்டும் நாடா கண்ணாடியை உடையாமற் காப்பதில்லை, உடைந்தபின் சில்லுகள் சிதறாமற் காக்கிறது. எப்படியும் கொண்டுபோக வேண்டிய சேலையும் சாரமும் போர்வையுமே ஏழையின் இலவசப் பொதிபொருள்கள். கட்டி முடித்த பெட்டியை மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே சத்தம் கேட்டால் வேலை முடியவில்லை என்று பொருள். பெரிய பெட்டியொன்றைத் தேடிப்பிடித்து, அடியில் புத்தகங்களும் மேலே கோப்பைகளுமாக நிரப்புவது எம்மினத்தவர்க்கே உரிய வியாதி. ஒருவர் மூச்சிரைக்காமல், முக்கியமாக வீட்டுக்காரரைச் சபிக்காமல், தூக்கக்கூடிய பெட்டியே நல்ல பெட்டி.

உலகத்தின் பெரு வாணிகமும் இந்தக் கைவேலையின்மீதே நடந்திருக்கிறது. இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே 1998இல், கடலடியில் 9ஆம் நூற்றாண்டுக் கப்பலொன்று கண்டுபிடிக்கப்பட்டது. அரபுக் கடற்பகுதியின் முறையிற் கட்டப்பட்ட கப்பல். சுமையோ சீனத்துச் சுமை. ஏறத்தாழ 60,000 பாண்டங்கள். பெரும்பாலானவை சாங்ஷாச் சூளைகளில் சுட்ட கிண்ணங்கள். அவற்றுள் ஒன்றில் 826ஆம் ஆண்டுக்குரிய தேதி பொறிக்கப்பட்டிருக்கிறது. பெரிய தாழிகளுக்குள் கிண்ணங்களைச் சுருள் சுருளாக நெருக்கி அடுக்கியிருந்தார்கள். கப்பல் மூழ்கியது, ஆயினும் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கடலிற் கிடந்தும் கிண்ணங்களிற் பல முழுதாக இருந்தன. பொன் எவ்வளவு, வெள்ளி எவ்வளவு என்றே பலரும் பேசினர். அந்தத் தாழிகளை அடுக்கிய துறைமுகக் கூலியாட்களைப் பற்றி எழுத எவருக்கேனும் தோன்றிற்றா?

காற்றுக் குமிழ்கள் நிறைந்த பிளாஸ்டிக் தாள் மிக அண்மைக்காலத்தது. 1957இல் அமெரிக்காவின் நியூஜேர்சியில் இருவர் சுவரில் ஒட்டும் அலங்காரத் தாள் செய்ய முயன்றபோது அது பிறந்தது. சுவருக்கு ஆகாதது பொதிக்கு ஆயிற்று. நல்ல பொருள்தான், மறுக்கவில்லை. ஆயினும் வேலை முடிந்தபின் வைக்கோலை மாடு தின்னும். இதனைத் தின்ன வாவியைத் தவிர வேறு நாதியில்லை.

கூலியாட்கள் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒருமுறை எமது சாமான்களை ஏற்றிவந்த லொறிச் சொந்தக்காரர், வழியில் விரிசல் கண்ட அலுமாரிக் கண்ணாடியின் பெறுமதியை, ஏற்றி இறக்கிய இளைஞனின் கூலியிற் கழிக்க முற்பட்டார். வீதியின் குழிகளும், அவர் ஓட்டிய வேகமும் அந்த இளைஞனின் கணக்கிலேயே எழுதப்பட்டன. நாம் இடைபுகுந்து தடுத்தோம். நாம் இல்லாத எத்தனை வாசல்களில் அந்தக் கணக்கு அப்படியே தீர்க்கப்பட்டிருக்கும்!

இனி, விஷயத்தின் மறுபக்கத்துக்கு வருவோம். இதுவரை சொன்ன கலை முழுவதற்கும் முன்நிபந்தனை ஒன்று உண்டு: அவகாசம். எமக்கு இடமாற்றக் கடிதத்திலே தேதி இருந்தது. தட்டத்தை நிறுத்துவதா படுக்க வைப்பதா என்று இருவர் நின்று தர்க்கிக்க நேரம் இருந்தது. செங்கலடியைச் சுற்றியுள்ள மக்களிற் பெரும்பாலோர் வீடு பெயர்ந்தது எவ்விதக் கடிதமும் இல்லாமல்.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டபோது இப்பகுதி மக்கள் ஆயிரக்கணக்கில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்தனர். அவ்வாண்டு செப்டெம்பர் 5ஆம் தேதி அங்கிருந்து 158 பேர் பிடித்துச் செல்லப்பட்டனர். அவர்கள் திரும்பவில்லை. அவர்கள் விட்டுச்சென்ற மூட்டைகளைப் பற்றி எழுத எமது பேனா கூசுகிறது, ஆகவே விடுகிறோம்.

2007 மார்ச்சில் படுவான்கரையில் ஷெல் விழத் தொடங்கியபோது, சனங்கள் பதுளை வீதியிலுள்ள கறுத்தப்பாலத்தைக் கடந்து செங்கலடிப் பக்கம் வந்தனர். மாவட்டத்தில் இடம்பெயர்ந்தோர் தொகை அப்பொழுது ஒன்றரை இலட்சத்தை எட்டியிருந்தது. பள்ளிக்கூடங்கள் அகதி முகாம்களாயின. வகுப்பறை மேசைகள் தடுப்புச் சுவர்களாயின. வந்திறங்கிய சாமான்களை நாம் பார்த்தோம். சைக்கிளின் சட்டத்தில் தொங்கிய கோழிகள். உரப்பையில் திணித்த உடுப்புகள். பொலித்தீனிற் சுற்றி நெஞ்சோடு கட்டிய பிறப்பத்தாட்சிப் பத்திரங்களும் அடையாள அட்டைகளும். உடையும் பொருள்கள் அநேகமாக இல்லை. உடையும் பொருள்களை உடையாமல் எடுக்க நேரம் வேண்டும். ஆகையால் அவை எடுக்கப்படவே இல்லை.

ஒரு தாயார் மட்டும் வாளி நிறைய நெல் கொண்டுவந்திருந்தார். வகுப்பறை மூலையில் அதனைச் சாக்கிற் கொட்டியபோது உள்ளிருந்து ஒரு விளக்குச் சிமிலி வெளிப்பட்டது. ஒரு கீறலும் இல்லை. நாம் வியந்து நின்றதைக் கண்டு அவர் சொன்னார்: “நெல்லு எப்படியும் எடுக்கத்தானே வேணும், ரீச்சர். அதுக்குள்ள இதையும் வெச்சன். தொண்ணூறாம் ஆண்டு கையில கொண்டுவந்து உடைஞ்சுபோச்சு.”

இரண்டாம் முறை ஓடுபவரின் கை முதல்முறை ஓடுபவரின் கையைவிடத் தேர்ச்சி பெற்றது. இதனைச் சகிப்பாற்றல் என்றும், மீண்டெழும் வலிமை என்றும் மெச்சி அறிக்கை எழுதுவோர் உண்டு. எமக்கோ அந்தப் புகழ்ச்சி கசக்கிறது. ஒரு விவசாயப் பெண் சிமிலியை நெல்லுக்குள் புதைக்கும் வித்தையை ஏன் கற்கவேண்டி வந்தது என்ற கேள்வியை அது சாதுரியமாக மூடிவிடுகிறது. பின்னர் இழப்புப் படிவங்களை நிரப்ப நாம் உதவினோம். கூரைக்கு இடம் இருந்தது. கிணற்றுக்கும் மாட்டுக்கும் உழவு இயந்திரத்துக்கும் இடம் இருந்தது. அம்மி, உரல், சட்டி, பீங்கான், சுவரில் மாட்டிய படங்கள் ஆகியவற்றுக்கு ‘ஏனையவை’ என்று ஒரு கோடு. அக்கோட்டின் நீளம் நான்கு விரற்கடை. எந்நேரமும் பெண்களின் கை புழங்கும் பொருள்கள் எல்லாம் அந்த நான்கு விரற்கடைக்குள் அடங்க வேண்டியிருந்தன.

(2011 ஜனவரி வெள்ளத்தில் இதே மக்கள் தம் பாண்டங்களைக் கூரைத் தீராந்திகளிற் கட்டித் தொங்கவிட்டனர். வெள்ளமாவது ஏறுவதைக் கண்ணாற் காணலாம். ஒன்றிரண்டு மணி நேரம் தரும்.)

கொண்டுவர இயலாதவற்றைச் சிலர் மண்ணிற் புதைத்துவிட்டு வந்திருந்தனர். பொதிகளில் மண்ணுக்கு நிகரானது இல்லை; அது எல்லாப் பக்கமும் ஒரே சீராக அணைத்துப் பிடிக்கிறது, எவரும் அதனைத் தூக்கிப் போடுவதுமில்லை. மேடான இடத்திற் குழி வெட்டி, வைக்கோலைத் தவிர்த்து — கறையான் பிடிக்கும் — சாம்பலும் உமியும் பரப்பி, பெரிய பானைக்குள் சிறியனவற்றை அடுக்கி, வாயை மூடி மணலிட வேண்டும். ஒரு சாமப்பொழுது கிடைத்த குடும்பங்கள் அதனைச் செய்தன.

2007 மே மாதத்தில் மீள்குடியேற்றம் தொடங்கியபின், எம்மிடம் கற்ற மாணவியொருத்தியின் குடும்பம் திரும்பிச் சென்றது. வேலியோரத்து முருங்கையிலிருந்து ஏழு அடி என்பது அவர்கள் வைத்த அடையாளம். போய்ப் பார்த்தால் வேலியும் இல்லை, முருங்கையும் இல்லை. தந்தை ஓரிடத்தைக் காட்ட, தாய் வேறோரிடத்தைக் காட்ட, மூன்று நாட்கள் தோண்டினார்கள். நாம் அவர்களைப் பார்க்கச் சென்ற அன்று பானை அகப்பட்டிருந்தது. பன்னிரண்டு கோப்பைகளில் பதினொன்று முழுதாக இருந்தன. ஒன்றுக்குக் கைபிடி இல்லை. மாணவி அவற்றைக் கிணற்றடியிற் சாம்பலிட்டுக் கழுவி வந்தாள். எருமைகளில் ஒன்றும் திரும்பி வந்திருக்கவில்லை. பால் இல்லாத தேநீரை அந்தக் கோப்பைகளில் ஊற்றி எம்மிடம் நீட்டினாள். கைபிடி இல்லாததைத் தனக்கு வைத்துக்கொண்டாள்.