உங்க பேர் என்ன டாக்டர்?

ஆபரேஷன் செய்துகொண்ட யாரையாவது பிடித்து, 'யார் பண்ணினது?' என்று கேட்டுப் பாருங்கள். சர்ஜனின் பெயர், ஃபீஸ், கைராசி என்று எல்லாம் சொல்வார்கள். 'சரி, மயக்க மருந்து கொடுத்தது?' என்றால் தலையைச் சொறிவார்கள். 'யாரோ ஒரு டாக்டர் வந்தாங்க. பேச்சுக் கொடுத்தாங்க. அப்புறம் ஒண்ணும் ஞாபகம் இல்லை.'

அந்த 'யாரோ ஒரு டாக்டர்' எப்படி உருவாகிறார் என்று சில மாதங்களாகப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். நாவலூரில் எங்கள் எதிர் ஃப்ளாட்டில் இருக்கும் பெண், எம்.டி. அனஸ்தீசியா இறுதித் தேர்வுக்குப் படிக்கிறார். எம்.பி.பி.எஸ். முடித்து, நீட் பி.ஜி. எழுதி, மூன்று வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நின்ற பிறகு வரும் பரீட்சை. நாலு தியரி பேப்பர். அதற்கப்புறம் பிராக்டிகல், வைவா. போன முறை தியரி தேறியது. வைவா காலை வாரிவிட்டது. ஆறு மாதம் காத்திருந்து இப்போது மறுபடியும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மா தென்காசியிலிருந்து வந்திருக்கிறார்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பால்கனியில் ஒத்திகை நடக்கும். எக்ஸாமினர், அவர் கணவர். சிறுசேரி சிப்காட்டில் சாஃப்ட்வேர் டெஸ்டர். கையில் அட்டைகள். கேள்வியில் பாதி அவருக்கே புரியாது, ஆனாலும் விடமாட்டார்.

'சிலிண்டரை மாத்தி மாட்டிட்டா?'

'மாட்ட முடியாதுங்க. ஆக்ஸிஜன் சிலிண்டர் வால்வுல 2, 5-ங்கிற இடத்துல ஓட்டை. நைட்ரஸ் ஆக்ஸைடுக்கு 3, 5. மெஷின்ல இருக்கிற பின் அதது ஓட்டையிலதான் உட்காரும்.'

'பின் உடைஞ்சிருந்தா?'

அங்கேதான் பதில் சூடு பிடிக்கும். 'இதெல்லாம் உங்க வேலைல வர்ற கேள்வி மாதிரியே இருக்கு' என்று அந்தப் பெண் சிரிப்பார்.

நான் பி.காம்.காரன். எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. பேலன்ஸ் ஷீட்டுக்கு அடியில் பொடி எழுத்தில் 'கன்டிஞ்சன்ட் லயபிலிட்டி' என்று ஒரு குறிப்பு வரும். இன்றைக்கு அது கடன் இல்லை. கேஸ் தோற்றால் கடன். யாரும் அதைப் படிப்பதில்லை. இந்தப் படிப்பு முழுக்கவே அந்தப் பொடி எழுத்துதான்.

'ஆ' என்று வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொல்வார்களே, அதற்கு 'மல்லம்பட்டி' என்று பெயர். கேட்டால் மேலூர் பக்கத்து ஊர் மாதிரி இருக்கிறது. ஆனால் மனிதர் பெயர். ஆந்திராவிலிருந்து அமெரிக்கா போன டாக்டர் சேஷகிரி ராவ் மல்லம்பட்டி, 1985-ல் பாஸ்டனில் இருந்தபோது வெளியிட்ட ஆய்வு. உள்நாக்கு எவ்வளவு தெரிகிறது என்பதை வைத்து, மூச்சுக்குழாயில் ட்யூப் இறக்குவது சுலபமா, கஷ்டமா என்று முன்கூட்டியே கணிக்கலாம் என்றார். இன்று உலகம் பூராவும் நோயாளிகளை வாய் திறக்கச் சொல்வது இதற்காகத்தான்.

அந்தக் கணிப்பும் தப்பிப் போனால்? ட்யூபும் இறங்கவில்லை, மாஸ்க் வைத்து அழுத்தினாலும் காற்று போகவில்லை. போன முறை அவர் தடுமாறியது இந்தக் கேள்வியில்தான். தெரியாமல் இல்லை. வேறு கருவி, வேறு சைஸ் என்று அடுக்கிக்கொண்டே போயிருக்கிறார். உதவிக்கு ஆள் கூப்பிடுவதைக் கடைசியாகச் சொல்லியிருக்கிறார்.

'அதுக்குப் போய் ஃபெயில் பண்ணுவாங்களா?' என்று அவர் அம்மா என்னிடம் ஆற்றாமையோடு கேட்டார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, எலைன் ப்ரோமிலி பற்றிப் படிக்கும்வரை.

இங்கிலாந்துப் பெண். வயது 37. இரண்டு குழந்தைகள். 2005 மார்ச்சில் சாதாரண சைனஸ் ஆபரேஷனுக்குப் போனார். மயக்கம் கொடுத்த பிறகு காற்று போகவில்லை. சுற்றி நின்றவர்கள் கற்றுக்குட்டிகள் அல்ல, அனுபவசாலிகள். ட்யூபை இறக்கிவிடுவதிலேயே குறியாக, திரும்பத் திரும்ப முயன்றார்கள். தொண்டையில் துளை போடும் கருவிகளை ஒரு நர்ஸ் கொண்டுவந்து 'தயார்' என்றார். யார் காதிலும் விழவில்லை. சில நாட்களில் எலைன் இறந்தார். கணவர் மார்ட்டின் ப்ரோமிலி ஒரு பைலட். விமான விபத்தில் செய்வது போல, என்ன நடந்தது என்று விசாரிக்கக் கேட்டார். யாரையும் தண்டிக்க அல்ல, மற்றவர்கள் கற்றுக்கொள்ள. இந்தப் பாடத்துக்காகவே 2007-ல் ஓர் அமைப்பையும் தொடங்கினார்.

2016-ல் நம் நாட்டு டாக்டர்கள் வெளியிட்ட வழிமுறையும் இதைத்தான் சொல்கிறது: ட்யூபுக்கு மூன்று முயற்சிக்கு மேல் வேண்டாம், ஆளைக் கூப்பிடு, ஆக்ஸிஜனை விடாதே, எதுவும் நடக்காவிட்டால் தயங்காமல் கழுத்தில் வழி செய். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எக்ஸாமினர் துருவுவது, பதிலை மட்டுமல்ல, பதிலின் வரிசையை. ஆறு மாதம் போனது வலிதான். ஆனால் இப்போது பால்கனியிலிருந்து அந்தக் கேள்விக்கு முதல் வார்த்தையாக வருகிறது: 'ஹெல்ப் கூப்பிடுவேன்.'

நாம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. ஆபரேஷனுக்கு முன்னால் ஒருவர் வந்து கேள்வி கேட்பார். மழுப்பாதீர்கள். ராத்திரி குறட்டை, ஆடுகிற பல், 'ஒண்ணும் ஆகாது' என்று காலையில் யாருக்கும் தெரியாமல் குடித்த அரை டம்ளர் காபி, எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கினால், அந்த அரை டம்ளரே உயிருக்கு உலை.

அப்படியே அவர் பெயரையும் கேட்டு வையுங்கள். எல்லாம் முடிந்து நீங்கள் கண் திறக்கிற நேரத்தில், உங்கள் பெயரைச் சொல்லி முதலில் கூப்பிடுவது அநேகமாக அவராகத்தான் இருக்கும்.