நிறுத்தப் பழகுதல்

கொல்லிமலை என்றதும் சங்க இலக்கியம் பயின்றோர்க்கு வல்வில் ஓரி நினைவுக்கு வருவான். யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்து உயிர்களை ஒரே அம்பால் வீழ்த்திய அவனது விற்றிறத்தை வன்பரணர் புறநானூற்றின் 152ஆம் பாடலில் போற்றுகிறார். ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் செம்மேட்டில் ஓரிக்கு விழாவும் நடக்கிறது. ஆனால் அந்த ஓர் அம்புக்கு முன் அவன் எய்து பழகிய அம்புகள் எத்தனை, வில்லை எப்படிப் பிடிப்பது என்று அவனுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவர் யார் என்ற கேள்விகளை நாம் கேட்பதில்லை. திறமையைப் பாடுவது நம் மரபு. பயிற்சியைப் பாடுவோர் குறைவு.

இக்கேள்வி எங்களுக்குள் எழக் காரணம் கால்பந்து. நாங்கள் இருவர், சமவெளியில் உள்ள ஒரு கல்லூரியில் ஒருவர் தமிழ் கற்பிக்கிறோம், மற்றவர் உடற்கல்வி. ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் மலையிலிருந்து சில பழங்குடி மாணவர்கள் எங்களிடம் வந்து சேர்கிறார்கள். கல்லூரி அணிக்கான தேர்வில் அவர்களை ஓட்டத்தில் வெல்ல ஆளில்லை. மூச்சு வாங்குவதும் இல்லை. ஆனால் பந்து காலுக்கு வந்ததும் இரண்டடி எகிறிப் போய்விடுகிறது. அதை எடுக்க எதிரணிக்காரன் காத்திருக்கிறான். பத்து நிமிடத்தில் பெயர் அடிக்கப்படுகிறது. அவர்கள் உடலில் குறையொன்றும் இல்லை. எட்டு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடையில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவே. பதினெட்டு வயதில் அந்தக் கடனை அடைப்பது எளிதன்று.

ஆகவே மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, மேலே ஒரு பள்ளியின் மைதானத்துக்குச் செல்கிறோம். மைதானம் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு பக்கம் சரிவு. சரிவு முடியுமிடத்தில் காப்பித் தோட்டம். இருபது பிள்ளைகளும் ஒரே பந்தைத் துரத்துவார்கள். பலமாக உதைப்பவனே வீரன். பந்து தோட்டத்துக்குள் போய்விட்டால் தேடி எடுக்கவே நேரம் போய்விடும்.

நண்பர் முதல் நாளே கம்பத்தைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டார். கோல் இல்லை, ஆட்டம் இல்லை. பெரியவர்கள் ஆடும் ஐந்தாம் எண் பந்தும் இல்லை; பன்னிரண்டு வயது வரை நான்காம் எண் பந்தே போதும் என்றார். உள்ளங்காலால் பந்தை முன்னும் பின்னும் உருட்டுவதே முதல் பாடம். அதுவும் வெறுங்காலோடு. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம் வீரர்களில் பலர் வெறுங்காலுடனேதான் பிரான்சை எதிர்த்து ஆடினர் என்று சொன்னதும் பிள்ளைகளுக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டாம் பாடம் நிறுத்துவது, 'டிராப்பிங்' என்பார்கள். இங்கே மைதானத்தின் குறையே துணையாயிற்று. மேலே ஒருவர் பந்தை உருட்டிவிட, கீழே நிற்கும் பிள்ளை பாதத்தின் உட்பக்கத்தால் அதை வாங்க வேண்டும். காலை விறைப்பாக வைத்தால் பந்து தெறிக்கும். பந்து தொடும் நொடியில் காலைச் சற்றே பின்னிழுத்தால் அடங்கும். இதை நாங்கள் பலவாறு விளக்கியும் விளங்கவில்லை. பதினொரு வயதுச் சிறுமி ஒருத்திதான், "பலாப்பழத்தைச் சாக்குல புடிக்கற மாதிரி, சார்" என்றாள். மரத்திலிருந்து விழும் பழத்துக்குச் சாக்கைத் தளர்த்திக் கொடுக்காவிட்டால் சாக்கு கிழியும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். அதன்பின் எங்கள் விளக்கம் தேவைப்படவில்லை.

மூன்றாவது 'பாஸ்'. உதைக்கும் காலைவிட ஊன்றும் கால் முக்கியம். அது பந்தின் பக்கவாட்டில், அனுப்பும் திசை நோக்கி நிற்க வேண்டும். நான்காவது, தலைநிமிர்ந்தபடி சிறுசிறு தொடுகையால் பந்தைக் கொண்டுசெல்வது. கோலை நோக்கி அடிப்பது ஐந்தாவதாகத்தான் வரும். தலையால் முட்டுவதைச் சேர்க்கவில்லை. சிறுவர்க்கு அது வேண்டாமென்று 2015இல் அமெரிக்காவும் 2020இல் இங்கிலாந்தும் வரம்பு கட்டின.

எல்லாப் பாடமும் இரு கால்களுக்கும் உண்டு. இந்திய அணிக்கு 1951, 1962 ஆசிய விளையாட்டுகளில் தங்கம் பெற்றுத் தந்த ஹைதராபாத் ரஹீம் சாஹிப் தொழிலால் பள்ளி ஆசிரியர். பழகாத காலால் மட்டுமே ஆட வேண்டிய போட்டிகளை அவர் இளைஞர்க்கு நடத்தினார். வகுப்பறையில் நின்றவர்க்கே அது தோன்றும் என்று எங்களுக்குப் படுகிறது. தொல்காப்பியர் எழுத்தையும் சொல்லையும் முடித்த பிறகே பொருளுக்கு வருகிறார். எங்கள் மாணவரோ நேரே பொருளதிகாரத்தில் இறங்க ஆசைப்படுகிறார்கள். கம்பத்தைத் தேடும் பிள்ளைகளின் ஆசையும் அதுவே.

அந்த ஆசையையும் ஒரேயடியாக மறுக்க முடியாது. மூன்றாம் வாரம் ஆறு பேர் வரவில்லை. "விளையாட்டே இல்லையே" என்பது அவர்கள் குறை. அன்று முதல் கடைசிக் கால்மணி நேரம் நாலுக்கு நாலு ஆட்டம். நிபந்தனை ஒன்றுதான்: பந்தை நிறுத்தாமல் உதைக்கக் கூடாது. ஆறு பேரில் நால்வர் திரும்பினர். மற்ற இருவரும் மிளகு பறிக்கும் பருவத்தில் வீட்டுக்குத் தேவைப்பட்டார்கள்; அதற்கு எங்களிடம் விடையில்லை.

பலாப்பழம் சொன்ன சிறுமியைப் பையன்கள் எப்போதும் கடைசியாகத்தான் அணியில் சேர்ப்பார்கள். முதல் மாதம் பத்துப் பந்துகளில் இரண்டை நிறுத்தினாள்; நான்காம் மாதம் எட்டு. இப்போது முதலில் அழைக்கப்படுகிறாள். அவள் பாட்டி எங்களிடம், "பந்த நிறுத்துனா இவளுக்கு என்னங்க ஆவப் போவுது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளுக்கு மாவட்டத் தலைநகரில் தேர்வு நடக்கும், இடம் கிடைத்தால் தங்குமிடம், உணவு, படிப்பு எல்லாம் உண்டு, அங்கே இவளை யாரும் முதல் பந்திலேயே திருப்பி அனுப்ப முடியாது என்றோம். கிடைக்கும் என்று சொல்லவில்லை. பாட்டி சிறிது நேரம் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப வரட்டும்" என்றார்.

நாங்கள் போகாத நாட்களில் பதினொன்றாம் வகுப்புப் பையன்கள் இருவர் பயிற்சியை நடத்துகிறார்கள். வரிசை மாறாமல், உள்ளங்காலில் உருட்டுவதிலிருந்தே தொடங்குகிறார்களாம். சமவெளியிலிருந்து யாரும் ஏறி வராமலே இது நடக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.