எஃப் வராத கிடார்

அருள்புரத்தில் பல்லடம் ரோட்டுப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ராத்திரி என்றால் மிஷின் சத்தம் கொஞ்சம் குறைகிற நேரம். அவ்வளவுதான்.

போன மாசம் வீடு மாற்றினோம். பரணிலிருந்து ஒரு சாக்குமூட்டை இறங்கியது. “ஏனுங்க, இதைப் பழைய சாமான்காரருக்குப் போட்றலாமுங்களா?” என்றாள் மனைவி. பிரித்தால், என் கிடார்!

1994-ல் சனிக்கிழமைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து எண்ணூறு ரூபாய்க்கு வாங்கியது. கிவ்சன். கிப்சன் இல்லை, கவனியுங்கள். அது அமெரிக்கா, இது கல்கத்தா. ‘பயணங்கள் முடிவதில்லை’ பார்த்துவிட்டு கிடார் பைத்தியம் பிடித்த பையன்களில் நானும் ஒருத்தன்.

1999-ல் ஒரு நாள், ஒன்றரை ஷிப்டு முடிகிற நேரம். ஓவர்லாக் மிஷின் ஊசி இடது ஆள்காட்டி விரலில் நகத்தோடு இறங்கிவிட்டது. பனியன் கம்பெனிக்காரர்களுக்குத் தெரியும், இதெல்லாம் ஒரு செய்தியே இல்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போய்விட்டேன். விரல் நுனி மட்டும் மரத்தது மரத்ததுதான்.

கிடாரில் அந்த விரல்தான் மேஸ்திரி. எஃப் கார்டு பிடிக்கத் தந்திகளைக் குறுக்கே அழுத்துவது அதன் வேலை. முயன்று பார்த்தேன். ‘டப் டப்’ என்றது. சாக்கில் போட்டுக் கட்டிவிட்டேன். யாராவது கேட்டால், “நேரமில்லைங்க.”

டோனி ஐயோமி கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். இங்கிலாந்தின் பர்மிங்காமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை. 1965-ல், 17 வயசில், வேலையை விட்டு நிற்கிற கடைசி நாளில் மிஷின் அவருடைய வலது கையின் இரண்டு விரல் நுனிகளைக் கொண்டுபோய்விட்டது. அவர் இடது கைக்காரர். தந்தியை அழுத்துகிற கையே அதுதான்! தொழிற்சாலை மேனேஜர் ஒரு இசைத்தட்டைக் கொடுத்தார். ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் வாசித்தது. 1928-ல் தீ விபத்தில் இரண்டு விரல் சுருண்டுபோன பிறகும் கிடாரை விடாத மனுஷன். ஐயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி, மெல்லிய தந்தி போட்டு வாசித்தார். பிளாக் சபாத் குழுவின் அந்தக் கனத்த சத்தம் இந்தக் கையிலிருந்து வந்ததுதான்.

எனக்குத் தொப்பி தேவைப்படவில்லை. புதுத் தந்தி மாட்டி, வழக்கத்தைவிட ஒரு படி தளர்த்திக் கட்டினேன். பரண் சூட்டில் கழுத்து லேசாக வளைந்திருக்கிறது (குற்றம் என்னுடையது). இறுக்கினால் தாங்காது. விரலுக்கும் அதுதான் சுகம். ஆள்காட்டி விரலுக்கு லீவு கொடுத்தேன். ஈ மைனருக்கு நடுவிரலும் மோதிர விரலும் போதும். ஜி, ஏ, டி மூன்றையும் சுண்டு விரலைக் கூட்டிக்கொண்டு பிடித்துவிடலாம். இத்தனை வருஷமாக இது எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்! எஃப் வராது. வராவிட்டால் போகிறது, எஃப் இல்லாத பாட்டு எவ்வளவோ இருக்கிறது.

நேற்று ராத்திரி கரண்ட் போனது. எதிர்வீட்டு பவர்டேபிள்கள் நின்றன. திண்ணையில் உட்கார்ந்து நாலு கார்டில் ஒரு பழைய பாட்டை வாசித்தேன். நடுவில் இரண்டு இடத்தில் தடுமாற்றம். மனைவி பிசிர் வெட்டிக்கொண்டிருந்த கத்திரியைக் கீழே வைத்துவிட்டாள்.

“இன்னொருக்கா வாசிங்க.”

கரண்ட் வருவதற்குள் மூன்று தரம் வாசித்துவிட்டேன்.